சாம்பிராணி தீர்ந்த பிறகும் வந்த புகை

1. சாவி கையில், வண்டி ஓட்டத்தில்

சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து கத்தினார். அவரைவிடச் சத்தமாக அவருடைய வண்டி கத்தியது.

இடம் பாலக்காட்டுப் பக்கம் முதலமடை மாங்காய் மண்டி. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு லாரிக்கு பிரேக் பார்த்துக் கொடுத்துவிட்டு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாச்சிமுத்து மாந்தோப்புக்காரர், ஊரறிந்த சிக்கனக்காரர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ டீசல் வண்டியைப் பொள்ளாச்சியிலிருந்து விரட்டிக்கொண்டு வந்தார். மண்டி வாசலில் நிறுத்தினார். சாவியைத் திருப்பி உருவிக்கொண்டு இறங்கினார். வண்டி ஆஃப் ஆகவில்லை. ஆஃப் ஆகாததோடு, யாரோ உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது போல இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. சைலன்சரிலிருந்து வந்த புகையில் மண்டியில் பாதி மறைந்துவிட்டது.

“ஆறுச்சாமியண்ணா! சாவி இங்க இருக்குதுங்க! அப்புறம் எதுலீங்க ஓடுது?”

ஆறுச்சாமி நான்தான். கொழிஞ்சாம்பாறையில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவன். இப்போது கடையை மூடிவிட்டு, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கூடப் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். நாச்சிமுத்து கேட்டது நல்ல கேள்விதான். பதில் சொல்ல அது நேரமில்லை. சுமைகாரர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவர் மட்டும் குடத்தில் தண்ணீரோடு வந்து நின்றார். அதை வண்டி மேல் ஊற்றுவதா நாச்சிமுத்து மேல் ஊற்றுவதா என்று அவருக்கே முடிவாகவில்லை.

நான் உள்ளே ஏறினேன். கிளட்ச்சை மிதித்து ஐந்தாவது கியரில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஃபுட் பிரேக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து, கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த வித்தை நடக்காது. அதில் காற்று போகிற வாயை அடைக்க வேண்டும், அதையும் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். தெரியாதவர்கள் அந்தச் சுமைகாரர்களைப் போல ஓடிவிடுவதே நல்லது.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். டர்போ என்பது புகை தள்ளுகிற வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு சின்னச் சக்கரம். அதன் ஷாஃப்ட்டுக்கு என்ஜின் ஆயில்தான் சோறும் தண்ணியும். அங்கே சீல் போய்விட்டால் ஆயில் காற்றோடு சேர்ந்து என்ஜினுக்குள் போகும். டீசல் என்ஜினுக்கு வாய்க்கு எட்டியதெல்லாம் டீசல்தான். சாவி நிறுத்துவது டேங்கிலிருந்து வருகிற டீசலை. டர்போ வழியாக வருகிற ஆயிலை நிறுத்த அதற்கு அதிகாரம் கிடையாது.

“ஆயில் எப்பங்க மாத்துனீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கரெக்டா மாத்திருவனுங்க. கடையில போய் வாங்கறதே இல்ல. ஊட்டுலயே பீப்பாய் இருக்குதே.”

“என்ன பீப்பாய்?”

“டிராக்டருக்கு ஊத்தறதுதானுங்க. அந்த டிராக்டரு எங்கப்பாரு காலத்துல இருந்து ஓடுது. ஒரு கொழப்பமும் இல்ல.”

கிழக்குப் பாலக்காட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அந்தப் பீப்பாய் உண்டு. பம்ப் செட், டிராக்டர், மருந்தடிக்கிற மெஷின், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் அதே ஆயில்தான். கார் மட்டும் என்ன பெரிய மாப்பிள்ளையா, அதற்கும் ஊற்றுவார்கள். டர்போ சூட்டில் அந்த ஆயில் கரியாகும். கரி போய் ஆயில் பைப்பை அடைக்கும். இது போதாதென்று, விரட்டி வந்த வண்டியை நிறுத்தின கையோடு ஆஃப் செய்கிற சிக்கனம் வேறு. என்ஜின் நின்றுவிடும், டர்போ சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் போகாது, சீல் தேய்ந்துவிடும்.

“ஏனுங்க, ரேக்ளாப் பந்தயத்துல ஓடி வந்த மாட்டைய அப்படியே கட்டிப்போடுவீங்களா?”

“அதெப்படிங்க? சித்த நேரம் நடத்தி, மூச்சு வாங்க உட்டுத்தான் கட்டோணும்.”

“இதுக்கும் அதேதானுங்க. விரட்டிட்டு வந்தா ஆஃப் பண்ணாம ஒரு நிமிசம் ஐட்லிங்ல உடுங்க.”

டர்போவை மாற்றினோம். ஆயில் பைப்பை மாற்றினோம். காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் குழம்புச் சட்டி போல ஆயில் கொட்டியது. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடிலேயே சிந்தெடிக் ஆயில் ஊற்றிக் கொடுத்தேன். சீக்கிரம் நிறுத்தியதால் என்ஜின் பிழைத்தது. நாச்சிமுத்து பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் பயந்த மனிதர். காலையில் பல் விளக்குவதற்கு முன் ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். எங்கே போய் நிறுத்தினாலும் ஒரு நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்து வாட்ச்சைப் பார்ப்பார். கல்யாண வீட்டு வாசலில் அவர் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கோபித்துக்கொண்டாரோ என்று பெண் வீட்டார் ஓடி வந்து சமாதானம் பண்ணியிருக்கிறார்கள்.

2. ராசி

பழைய டர்போ வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். என்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். ராத்திரியெல்லாம் சீல் வழியாகக் கசிந்த ஆயில் காலை முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாக வந்துவிடும். சூடான வண்டி எல்லாமே நல்ல வண்டிதான்.

இது விற்கிறவர்களுக்கும் தெரியும். எப்போது போனாலும் பானெட் சுடும். கேட்டால், “இப்பத்தானுங்க கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்” என்பார்கள். சாமி கும்பிட்டு வந்த மனிதனிடம் ஏன் போனாய் என்று கேட்க முடியுமா? வாங்க வந்தவர்களும், “கோயிலுக்குப் போன வண்டிங்கண்ணா” என்று எனக்கே பெருமையாகச் சொல்வார்கள். நான் டர்போ, சீல், கசிவு என்று விளக்குவேன். தலையாட்டிவிட்டு சீட் கவரைத் தடவிப் பார்ப்பார்கள்.

எரிச்சல் தாங்காமல் ஒருநாள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். “விக்கிற அன்னைக்கு முதல் ஸ்டார்ட் வாங்கறவங்க கையால நடக்கோணும். பானெட் சில்லுன்னு இருக்கோணும். இல்லீனா அந்த வண்டி ராசியில்லீங்க” என்று சொன்னேன். அவ்வளவுதான். டர்போ என்றால் காது கொடுக்காதவர்கள் ராசி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்திலிருந்து வாளையார் வரைக்கும் வழக்கம் பரவியது. வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு வேண்டியது அந்தத் தொடுதல் மட்டும்தான், கும்பிட்டால் எனக்கென்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வழக்கம் என்பது வெளியே விட்ட பிறகு நம் பேச்சைக் கேட்பதில்லை. ஒருவர் அதில் எலுமிச்சம்பழத்தைச் சேர்த்தார். ஒருவர் தேங்காயைச் சேர்த்தார். யாரோ ஒரு புண்ணியவான், முதல் ஸ்டார்ட் போட்டுவிட்டால் வண்டி அவருக்கே என்று சேர்த்துவிட்டார். வேண்டாம் என்று சொல்வது தோஷமாம். சோதித்துப் பார்ப்பதற்காக நான் உண்டாக்கியது, சோதித்தால் வாங்கியே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது.

3. சாம்பிராணி

ஜமால் பாய் புதுநகரத்து ராவுத்தர். சின்னத் துணிக்கடை. ஆனால் பிழைப்பு கடையில் இல்லை, மலையில். அவருடைய அத்தா காலத்திலிருந்தே தீபாவளிக்கு முன்னால் மறையூர், மூணாறு தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் துணி கொண்டுபோய் விற்பார்கள். எஸ்டேட் பெண்கள் பாய் வருவதைப் பார்த்துத்தான் தீபாவளி வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அவருடைய பழைய ஜீப் அந்த வருடம் என்ஜின் பிளாக் வெடித்துப் படுத்துவிட்டது. தேனிப் பக்கமிருந்து ஒரு வேன்காரர் வேறு துணி ஏற்றிக்கொண்டு புதிதாக மலை ஏற ஆரம்பித்திருந்தார்.

“இந்தத் தீபாவளிக்கு நானு போகலேன்னா, அடுத்த தீபாவளிக்கு அவங்களுக்கு என் மூஞ்சியே மறந்துரும்ணே. அதுக்கப்புறம் நானு யாருக்கு விக்கிறது?” என்றார். சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர், அன்று சிரிக்கவில்லை.

வடகரப்பதியில் புரோக்கர் சிவகுமாரிடம் ஏழு சீட் டர்போ டீசல் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். காலையிலேயே போனோம். ஜமால் பாய், அவருடைய மனைவி மும்தாஜ், நான். தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை. அதற்குள் வண்டி.

“வாங்கோ, வாங்கோ! பானெட்டத் தொட்டுப் பாருங்கண்ணா. ஐஸு! முதல் ஸ்டார்ட் பாய் கையாலதான்” என்றான் சிவகுமார்.

தொட்டேன். உண்மையிலேயே சில்லென்று இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் தேன் போல, புத்தம் புதிதாக, இருக்க வேண்டியதைவிடக் கெட்டியாக இருந்தது. விற்கப் போகிற வண்டிக்கு எவனாவது தன் காசில் புது ஆயில் மாற்றுவானா? கெட்டி ஆயில் ஊற்றினால் புகை குறையும், சத்தம் குறையும். என்ஜினையும் தண்ணீர் விட்டுக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தான். ஒழுகல் இருந்தால் அதுவும் கழுவியதோடு போயிருக்கும்.

“பாய், எனக்குப் புடிக்கலீங்க” என்று காதில் சொன்னேன்.

“ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே” என்றார். கண் வண்டியின் டிக்கியிலேயே இருந்தது. அதற்குள் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று மனசு அளந்துகொண்டிருந்தது.

அப்போது சிவகுமார் ஒரு மண்சட்டியில் கங்கு போட்டு, கைநிறையச் சாம்பிராணியை அள்ளித் தூவினான். “ராவுத்தர் ஊட்டு வண்டிங்க. சாம்பிராணி போடாம எப்படிங்க?” என்று சட்டியைக் கொண்டுபோய்ச் சரியாக சைலன்சருக்குப் பக்கத்தில் வைத்தான். விசிறியால் வீசவும் ஆரம்பித்தான்.

ஜமால் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்கண்ணே, என்னா மரியாதை!” என்று பிஸ்மில்லா சொல்லி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

கொட்டகை முழுக்கப் புகை. எனக்கு எதிரில் நின்ற மும்தாஜ்கூடத் தெரியவில்லை. எது சட்டியிலிருந்து வருகிறது, எது சைலன்சரிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல ஆண்டவனால்தான் முடியும். அடப்பாவி, என் வழக்கத்தை அட்சரம் பிசகாமல் நடத்திக்கொண்டே என் கண்ணைக் கட்டிவிட்டானே என்று இருந்தது. கோபத்துக்கு நடுவிலும் அவன் மூளையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

சட்டி பக்கத்தில் போய்க் குந்தினேன். கங்கு சாம்பல் பூத்துவிட்டது. சாம்பிராணி தீர்ந்துவிட்டது. புகை மட்டும் தீரவில்லை.

“சிவகுமாரு, சட்டி அணைஞ்சு போச்சு. பொகை எங்கிருந்துப்பா வருது?”

“நல்ல சாம்பிராணிங்கண்ணா. வாசம் சித்த நேரம் நிக்கும்.”

“வாசத்தையக் கேக்கலப்பா, பொகையக் கேக்கறேன். பாய், இறங்குங்க. இந்த வண்டி வேண்டாம்.”

ஜமால் பாய் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, “முதல் ஸ்டார்ட் என் கையால ஆயிருச்சேண்ணே. இனி வேண்டாங்கிறது தோசமாச்சே. வருசத்துல ஒரு வியாபாரம், அதுக்கு முன்னாடி இப்படியா?” என்றார்.

“அட கெரகமே! பாய், அந்த வழக்கம் நான் உண்டாக்குனதுங்க. என்ஜின் சில்லுன்னு இருக்கோணும்னு நானேதான் சொல்லி உட்டேன்!”

சிவகுமார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “அண்ணனுக்கு வயசாயிருச்சுங்க பாய். எங்க தாத்தன் காலத்துல இருந்து இருக்கற வழக்கமுங்க இது.”

அவன் தாத்தா காலத்தில் வடகரப்பதியில் மாட்டு வண்டிதான் இருந்தது. அதற்கு முதல் ஸ்டார்ட் எப்படிப் போட்டார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்டுப் பிரயோசனமில்லை. வழக்கத்தை நியாயத்தால் வெட்ட முடியாது. இன்னொரு வழக்கத்தால்தான் வெட்ட முடியும். மும்தாஜ் கையில் புது வண்டியைத் துடைக்கக் கடையிலிருந்து கொண்டு வந்த வெள்ளை மல் துணி இருந்தது.

“சரிங்க, வழக்கமுன்னா முழுசாச் செஞ்சிருவோம்” என்றேன். “துணி யாவாரம் பண்றவங்க வாங்கற வண்டியில முதல் பொகை வெள்ளைத் துணியில படோணும். அப்பத்தான் அதுல ஏத்தற துணி விக்கும். என்ன சிவகுமாரு, உங்க தாத்தன் சொல்லலையா?”

சிவகுமார் சட்டியை எடுத்து ஓரமாக வைத்து வழிவிட்டான். தாத்தாவை இழுத்தவன் அவன்தானே.

மும்தாஜ் துணியை விரித்து சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். நான் சொன்னபடி ஜமால் பாய் நான்கைந்து தடவை ஆக்சிலரேட்டரை மிதித்தார். துணியைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் மும்தாஜ் துணியை இரண்டு தட்டுத் தட்டினார். விரலால் தேய்த்தார். திருப்பிப் பிடித்து மறுபக்கம் பார்த்தார். நாள் முழுக்கத் துணியோடு உட்கார்ந்திருக்கிறவர்.

“கரின்னா தட்டுனா உதிரும். இது உதிரல. அந்தப் பக்கம் வரைக்கும் ஊறியிருக்கு. எண்ணெக் கறைங்க இது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.” புருஷனைப் பார்த்துத் திரும்பினார். “இந்த வண்டி சின்னாறு காட்டுக்குள்ள பாதி வழியில நின்னுச்சுன்னா தீபாவளித் துணிய யாருக்கு விப்பீங்க? ஆனைக்குப் பாவாடை தைச்சுக் குடுப்பீங்களா?”

“ஸ்டார்ட் பண்ணிட்டனே புள்ள...”

“ஸ்டார்ட் பண்ணுனது நீங்க. ஆஃப் பண்றது நானு. சரியாப் போச்சு.” ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். நல்லவேளை, அந்த வண்டி சாவி சொன்னதைக் கேட்டது.

4. பயந்தவர் வண்டி

திரும்பி வருகிற வழியில் கொழிஞ்சாம்பாறை வந்ததும் ஜமால் பாய், “நல்லது பண்ணுனீங்கண்ணே. ஆனா நானு மலைக்கு நடந்தா போறது?” என்றார். வேண்டாம் என்று சொல்வது சுலபம். வேண்டாம் என்று சொன்னவன் வேறு வண்டிக்கு வழி சொல்ல வேண்டாமா?

அப்போதுதான் நாச்சிமுத்து ஞாபகம் வந்தார். அதற்கு முந்தின மாதம்கூட என்னிடம், “இந்த வண்டியோட குடித்தனம் பண்ண முடியலீங்கண்ணா. சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்குது. வித்துரலாமுன்னு ரோசனை” என்று புலம்பியிருந்தார். ஜமால் பாயிடம் சொன்னேன். மறுநாள் காலையில் முதலமடைக்குப் போனோம்.

என் தொழிலில் எத்தனையோ பேர் வண்டி விற்றுப் பார்த்திருக்கிறேன். இப்படி விற்ற ஆள் அவர் ஒருவர்தான்.

“உக்காருங்க பாய். முதல்லயே சொல்லீர்றேன். இந்த வண்டி ஒருதடவை சாவிய உருவுனதுக்கப்புறமும் ஓடுச்சுங்க. நான் டிராக்டர் ஆயில ஊத்திக் கெடுத்துப்போட்டேன். இப்ப புது டர்போ. இருந்தாலும் பயமுங்க.”

ஜமால் பாய் என்னைப் பார்த்தார். இந்த வண்டியையா வாங்கச் சொல்கிறீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் பானெட்டைத் தூக்கினேன். பானெட் சில்லென்றுதான் இருந்தது. டர்போ ஹோஸைக் கழற்றி விரலை விட்டேன். லேசான பிசுக்கு. அது எல்லா டர்போவிலும் இருக்கும், தேங்கி நின்றால்தான் தப்பு. ஆயில் கேப்புக்கு அடியில் பிசினும் இல்லை, கரியும் இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுத்திருந்தது. ஓடுகிற டீசல் வண்டியில் ஆயில் கறுத்துத்தான் இருக்கும். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. மும்தாஜ் கேட்காமலே வேறொரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஜமால் பாய் ஸ்டார்ட் செய்து விரட்டி மிதித்ததும், மும்தாஜ் துணியைத் தட்டினார். கரி உதிர்ந்தது. துணி ஊறவில்லை.

“எடுத்துக்கலாம்” என்றார்.

விலை பேசி முடித்த பிறகும் நாச்சிமுத்து விடவில்லை. “பாய், ஒரே ஒரு சத்தியம் பண்ணோணும். ஏத்தம் ஏறுனா உடனே ஆஃப் பண்ணக் கூடாது. ஒரு நிமிசம் உக்காரோணும். ஆயில் இந்த டப்பாவுல இருக்கறது மட்டுந்தான். யாரு ஊட்டுப் பீப்பாயிலயும் கை வைக்காதீங்க!” பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் போல இரண்டு டப்பா ஆயிலைச் சீராக வேறு கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது அழுதார். வண்டி போகிறதே என்று அழுதாரா, போய்த் தொலைந்ததே என்று அழுதாரா, கேட்கவில்லை.

தீபாவளி முடிந்து ஜமால் பாய் வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். சின்னாறு தாண்டி, மறையூர் தாண்டி, எஸ்டேட் லைன் வரைக்கும் வண்டி மூச்சுக் காட்டாமல் ஏறியிருக்கிறது. போய் நிறுத்தினால் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். இவர் சத்தியத்தை நினைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாய், வந்து நிப்பாட்டிட்டு எறங்காம உக்காந்திருக்கிய? எங்க மேல கோவமா? அந்த வேன்காரன்ட்ட நாங்க ஒண்ணும் எடுக்கல, பாத்துக்கிடுங்க” என்றாளாம் பேச்சியம்மா என்கிற கொழுந்து பறிக்கிற பெண்.

“கோவமெல்லாம் இல்லம்மா. வண்டி மூச்சு வாங்கட்டும்.”

“அதுக்கு நாங்க எதுக்குக் காத்துக் கெடக்கணும்? அந்தப் பச்சச் சேலைய ஜன்னல் வழியா எடுங்க, பாப்போம்.”

என்ஜினை ஆஃப் செய்வதற்குள் முன்சீட்டில் வைத்திருந்த மூட்டை காலியாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது ஜமால் பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேன்காரர் இரண்டு நாள் முன்னாலேயே வந்து போயிருக்கிறார். பெண்கள் துணியைப் பார்த்துவிட்டு, விலை கேட்டுவிட்டு, பாய் வரட்டும் என்று இருந்திருக்கிறார்கள்.

இப்போது வெள்ளைத் துணி வழக்கம் ஊர் முழுக்க வந்துவிட்டது. போன மாதம் ஒரு வண்டி பார்க்கப் போன இடத்தில், வாங்க வந்தவர் பட்டுக்கரை போட்ட வெள்ளைத் துணியோடு நின்றார். இதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். துணி சைலன்சருக்குப் பின்னால் இருந்தால் எனக்குப் போதும்.

நான் கற்றுக்கொண்டது வேறு. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவரைப் பாருங்கள். ஒரு கொழப்பமும் இல்லை என்கிறவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இந்த வண்டியால் தூக்கம் போச்சு என்று புலம்புகிறவர் கிடைத்தால், பயத்தில் அவர் என்னென்ன பண்ணியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு பானெட்டைத் திறங்கள்.

நாச்சிமுத்து இப்போது கார் வைத்துக்கொள்வதில்லை. மொபெட்டில்தான் மண்டிக்கு வருகிறார். வந்து நின்றதும் ஆஃப் செய்யாமல், ஒரு நிமிடம் அதன் மேலேயே உட்கார்ந்து வாட்ச்சைப் பார்க்கிறார். மொபெட்டில் டர்போவே கிடையாது என்று நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. ஜமால் பாய் சொல்ல விடமாட்டார், அந்தப் பயம் தெளியக் கூடாதாம். நாச்சிமுத்து மறுபடி எப்போது கார் வாங்கினாலும், அதை விற்கும்போது தனக்குத்தான் தர வேண்டும் என்று இப்போதே வந்து சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.